நாலாம் பிரிவில் காற்று நன்றாக இருக்கிறது

திங்கள், காலை 6:10

ஐந்து பிரிவுகளிலும் ஆக்சிஜன் 20.8 சதவீதம். அழுத்தம் சரி. மூன்றாவது வடிகட்டி மாற்றியாயிற்று.

எழுதுபவள் ஆவுடையம்மாள், நிலவின் தென்முனைக் குடியிருப்பில் காற்றுப் பொறியாளர். அலுவல் பதிவில் ‘வதந்தி’ என்ற சொல்லை எழுதக் கூடாது. அதனால் இது தனிப் பதிவு. யார் கையில் கிடைக்கிறதோ அவர்களுக்கு.

கேன்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள்: “நாலாம் பிரிவுல மாமா ஊருக்குக் கிளம்புறாராம்.” மாமா என்றால் காற்று. போன வருடம் இரண்டாம் பிரிவில் காற்று கசிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஆணையர் அலுவலகம் அதை விஷக்காய்ச்சல் என்று அறிவித்தது. காற்றைப் பற்றிப் பொது இடத்தில் பேசினால் ரேஷன் வெட்டு. அன்றிலிருந்து காற்று எல்லோருக்கும் மாமா.

இப்போதைய பேச்சு: அதிகாரிகள் இருக்கும் முதல் பிரிவுக்குக் காற்று போதவில்லை, நாலாம் பிரிவை மூடப் போகிறார்கள்.

பொய். நானே அளந்தேன். என் தங்கை செண்பகம் கைக்குழந்தையோடு அங்கேதான் இருக்கிறாள்.

செவ்வாய், இரவு

அளவுகளைத் தகவல் அதிகாரி குணசீலனுக்கு அனுப்பினேன். மக்களுக்குச் சொல்லுங்கள், அடங்கிவிடும் என்றேன். பதில்:

“மறுத்தால் அப்படி ஒரு பேச்சு இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டது போலாகும். அப்படி எந்தப் பேச்சும் இல்லை. உங்கள் வேலையைப் பாருங்கள்.”

பின்னேரம் நாலாம் பிரிவில் நான்கு பேரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இல்லாத பேச்சுக்கு எதற்குக் கைது? நாலாம் பிரிவு முழுக்க இப்போது இதே கேள்விதான்.

புதன், காலை 9:30

மூட்டை கட்டுகிறார்கள். நாலாம் பிரிவின் பின்னால் பழைய சுரங்கம் ஒன்று இறங்குதளம் வரை போகிறது. தளத்தில் சரக்குக் கப்பல் நிற்கிறதாம், ஏறினால் பூமிக்குப் போய்விடலாமாம். சுரங்கத்தில் காற்றோட்டம் கிடையாது. பத்துப் பேர் போய் வரலாம். நூற்றுக்கணக்கில் போனால் சில மணி நேரம்தான்.

தங்கையைக் கூப்பிட்டேன்.

“யக்கா, ஒனக்குப் பக்கத்துல யாராவது நிக்காங்களா? ஆமான்னா ஒரு தடவை இருமு.”

“யாருமில்லடி. நெசமாத்தான் சொல்லுதேன். காத்து நல்லாருக்கு. சுரங்கத்துக்குள்ள போயிராத.”

“ரெண்டாம் பிரிவுக்காரங்ககிட்டயும் இதைத்தான சொன்னாங்க.”

“அவங்க சொன்னாங்க. இப்ப சொல்லுறது நான்.”

“நீ சொல்லுறதும் அவங்க சொல்லுறதும் ஒண்ணாத்தான இருக்கு. நான் யாரைன்னு நம்ப?”

வைத்துவிட்டாள்.

புதன், மாலை 5:00

மூட்டைகளைப் பார்த்ததும் குணசீலனே கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் நான் பேச வேண்டுமாம். எழுதிக் கொடுத்திருந்தார்கள்: “ஆணையரின் சீரிய வழிகாட்டுதலில் நாலாம் பிரிவில் காற்று நன்றாக இருக்கிறது. வதந்திகளை நம்ப வேண்டாம்.” ஆணையர் பெயரை விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அதுதான் முக்கியம் என்றார்கள். வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வியாழன், காலை 8:20

போய்விட்டார்கள். நானூறு பேருக்கு மேல். செண்பகமும்.

தளத்துப் பக்கக் கதவைக் காவலர்கள் அடைத்துவிட்டார்கள், கப்பலைக் காக்க. மற்றவர்கள் பின்தொடராமலிருக்க நாலாம் பிரிவுப் பக்கக் கதவையும் பூட்டிவிட்டார்கள். உள்ளே சிக்கியிருக்கிறார்கள்.

குணசீலனை ஆறு முறை அழைத்தேன். ஏழாவது முறை எடுத்தார்.

“ஐயா, ஒரு கதவையாவது திறங்க. குழந்தைங்க இருக்கு.”

“சுரங்கத்தில் யாரும் இல்லை. நாலாம் பிரிவு மக்கள் வீட்டில் நலமாக இருப்பதாக ஆணையர் காலையில்தான் மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்தார். இப்போது கதவைத் திறந்தால் வெளியே வருவது யார்?”

வியாழன், 10:45

சுரங்கத்தில் ஆக்சிஜன் 15.

காவலர் தலைமையகம், மருத்துவமனை, ஆணையரின் வீடு. யாரும் எடுக்கவில்லை. சேமிப்புக் காற்றுத் தொட்டியின் சாவி ஆணையரிடம்.

செண்பகத்தின் கைவானொலி இணைப்பு திறந்தே இருக்கிறது. பேசவில்லை. மூச்சு கேட்கிறது. குழந்தை இவ்வளவு நேரம் அழுதது. இப்போது அழவில்லை.

ஒரு வழி இருக்கிறது. சுரங்கம் வெட்டிய காலத்துக் குழாய் நாலாம் பிரிவோடு மட்டும் இணைந்திருக்கிறது. வால்வைத் திருப்பினால் நாலாம் பிரிவின் காற்று சுரங்கத்துக்குப் போகும். என் பொறி அறையிலிருந்துதான் திருப்ப முடியும், கையால்.

நாலாம் பிரிவு காலியில்லை. இருபத்தாறு பேர் போகாமல் இருக்கிறார்கள். என் அறிவிப்பை நம்பியவர்கள்.

11:05

மூன்றாம் பிரிவுக் கதவு திறந்திருக்கிறது, பத்து நிமிட நடை. அழுத்தம் குறைந்தால் அது தானாக மூடிக்கொள்ளும். அதற்குள் இவர்கள் வெளியேற வேண்டும். நாலாம் பிரிவின் பொது வானொலியைத் தையல்காரர் தங்கப்பழம் எடுத்தார்.

“ஆவுடையம்மா! நீங்க சொன்னதாலதாம்மா நாங்க போகல. பாவம், அந்தச் சனங்க.”

“அண்ணாச்சி, உடனே எல்லாரையும் கூட்டிக்கிட்டு மூணாம் பிரிவுக்குப் போங்க. காத்து போகப் போகுது. நான்தான் எடுக்கப் போறேன், சுரங்கத்துல இருக்கவங்களுக்கு.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“பக்கத்துல யாரும்மா நிக்கா? மிரட்டுதானுவளா?”

“யாருமே இல்ல அண்ணாச்சி. சத்தியமா.”

“புரியுதும்மா. எங்களை வெளிய வரவச்சுப் பிடிக்கப் பாக்கானுவ, அன்னைக்கு நாலு பேரைப் பிடிச்ச மாதிரி. நீங்க பயப்படாதீங்க. நாங்க அசைய மாட்டோம்.”

11:30

அழுதேன். திட்டினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். ஒன்பது பேர் மட்டும் கிளம்பி மூன்றாம் பிரிவுக்குப் போய்விட்டார்கள். பதினேழு பேர் இருக்கிறார்கள். சுரங்கத்தில் 13. செண்பகத்தின் மூச்சு இழுக்கிறது. இதற்கு மேல் காத்திருந்தால்

திருப்பிவிட்டேன்.

11:50

சுரங்கத்தில் 14. மூன்றாம் பிரிவுக் கதவு மூடிக்கொண்டது.

காவலர்கள் என் கதவை இடிக்கிறார்கள். தாழ் தாங்கும், கொஞ்ச நேரம். ஒலிபெருக்கியில் ஆணையர் அலுவலகம் என் அறிவிப்பையே திரும்பத் திரும்பப் போடுகிறது. நாலாம் பிரிவில் காற்று நன்றாக இருக்கிறது. என் குரல்.

12:10

சுரங்கத்தில் 16. குழந்தை அழுகிறது. கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது.

தங்கப்பழம் அண்ணாச்சி அவராகவே கூப்பிட்டார். வார்த்தை குழறுகிறது.

“அம்மா… ஒலிபெருக்கில கேட்டோம். நீங்கதான் பேசுனீங்க. இப்பத்தான் மனசு ஆறுச்சு… இங்க எல்லாருக்கும் கண்ணைச் சொருகுது. கொஞ்சம் படுக்கோம். எந்திரிச்சதும் பேசுவோம், என்ன?”

அழைத்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்கவில்லை.