வசனம் கேட்கும் பெட்டி

அன்புள்ள வாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், வீடும் சுகம், சமையலறைக் குழாய் மட்டும் பழையபடி ஒழுகிக்கொண்டிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எழுதத் தொடங்குகிறேன், அது வெறும் நம்பிக்கைதான் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது வயதான பிறகும் வாலு என்று எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே, நீ ஓய்வு பெறும் வயதிலும் எனக்கு வாலுதான். ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. நாங்கள் வீட்டுக்குப் புதிதாக ஸ்பீக்கர் செட் வாங்கியிருக்கிறோம். அதில் என்ன பெரிய சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதே, பொறுமையாகப் படி.

போன மாதம் நீ போனில் அப்பாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாய், ஞாபகம் இருக்கும். நம் வீட்டு டிவி சத்தம் கடல் தாண்டி உன் அறை வரைக்கும் கேட்கிறது என்றாய். "ஏம்ப்பா, காது டாக்டர்கிட்ட போறதுல உங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்" என்று கேட்டாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நன்றாக ஒத்து ஊதினேன். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று பழுது பார்த்த மனுஷருக்குக் காது போகாமல் வேறு என்ன போகும் என்பது என் கட்சி. அவர் வேலைக்குப் போன நாளெல்லாம் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் போனார், கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குப் பஞ்சு என்றே பெயர் வைத்திருந்தார்கள், அதை நீயும் மறந்தாய் நானும் மறந்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "என் காதுக்கு ஒண்ணும் இல்ல, இந்த டிவியிலதான் கோளாறு. பாட்டு காதைக் கிழிக்குது, பேச்சு மட்டும் தொண்டைக்குள்ளயே நின்னுடுது. வசனம் தெளிவாக் கேக்குற மாதிரி ஒரு ஸ்பீக்கர் வாங்கினா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். நீ சிரித்துவிட்டு போனை வைத்தாய். நான் சரி வாங்குவோம் என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு கள்ள எண்ணம் இருந்தது. கடையில் வைத்து நாலு பேர் முன்னால் அவருக்குக் காது கேட்கவில்லை என்று ருசுப்படுத்திவிட்டு, அப்படியே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவது என்று.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனோம். பெரிய கடை, உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை, சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஒட்டியிருந்தார்கள், நடுவில் ஒரு சோபா. சுருட்டை முடியோடு ஒரு விற்பனைப் பெண் வந்தாள், கெட்டிக்காரி. எங்களை உட்கார வைத்துவிட்டு, வண்டிகள் மோதி வெடிக்கும் காட்சி ஒன்றைப் போட்டாள். சோபா நடுங்கியது, என் பல்லும் நடுங்கியது. "எப்படி இருக்கு மேடம்" என்றாள். "எங்க வீட்டுல வண்டி எதுவும் வெடிக்காதும்மா, யாராவது மெதுவாப் பேசுற மாதிரி ஒண்ணு போடு" என்றேன். அவள் முதலில் விழித்தாள், பிறகு அவளுக்கும் சுவாரசியம் பிறந்துவிட்டது. கணவனும் மனைவியும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அடுத்த அறைக்குக் கேட்காமல் சண்டை போடுகிற படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். நான் கைப்பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். நீதிமன்றத்தில் இருபத்தொன்பது வருஷம் சாட்சிகள் சொன்னதைச் சுருக்கெழுத்தில் எழுதிய கைக்கு வேறு எந்தப் பரீட்சை தெரியும். திரையில் கீழே ஓடும் எழுத்தை அட்டைப்பெட்டி மூடி ஒன்றை வைத்து மறைக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் படத்தை நிறுத்த வேண்டும், நான் கேட்டதை நோட்டில் எழுதிவிடுவேன், அப்பா கேட்டதை விற்பனைப் பெண்ணின் காதில் சொல்ல வேண்டும், அவள் குறித்துக்கொள்வாள், இருபது வரி ஆனதும் அட்டையை எடுத்துவிட்டு இரண்டையும் சரி பார்ப்பது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதே ஜோடியின் வேறு சண்டை, இல்லாவிட்டால் வசனம் மனப்பாடம் ஆகிவிடுமே. அந்தப் பெண், "இந்தக் கடையில யாரும் இப்படி வாங்கினதே இல்ல மேடம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

முதலில் டிவிக்குக் கீழே வைக்கிற நீளக் குழல், சவுண்ட்பார் என்கிறார்கள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். இருபது வரி முடிந்து அட்டையை எடுத்தாள். அப்பாவுக்கு இரண்டு தப்பு. எனக்கு ஒன்பது. அதில் ஒரு வரி, உன் காசு எனக்கு வேண்டாம் என்று அந்த மனைவி சொல்கிறாள், நான் உன் காது எனக்கு வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். விற்பனைப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்பா சிரிக்கவில்லை. "ஏசி இரைச்சல் உன் பக்கம்தான் அடிக்குது, அதான் விட்டுப்போச்சு" என்றார். நான் எழுந்து அவருடைய இடத்தில் உட்கார்ந்து, அவரை என் இடத்தில் உட்கார வைத்தேன். இரண்டாவது, கடையின் பெருமை என்று அவள் சொன்ன பெரிய செட், முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் தடதடவென்று அதிர்கிற சத்தத்துக்கென்று பேஸ் பெட்டி ஒன்று. குழாய்த் தண்ணீர் என் பின்னாலேயே கொட்டியது, தலையைத் திருப்பிப் பார்த்தேன். பேச்சு அந்தத் தண்ணீரோடு போய்விட்டது. அவருக்கு நான்கு தப்பு, எனக்குப் பதினொன்று. மூன்றாவதும் குழல்தான், ஆனால் நடுவில் பேச்சுக்கென்றே தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதன் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டலாம், கூடவே அடக்கமான ஒரு பேஸ் பெட்டி. அவருக்கு ஒரு தப்பும் இல்லை. எனக்கு நான்கு. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் வாலு. சுருக்கெழுத்தில் கேட்காத சொல்லுக்குச் சின்ன வட்டம் போட்டு இடம் விடுவோம். என் இருபத்தொன்பது வருஷ நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு வட்டம் வந்தால் அதிகம். அன்று ஒரே பக்கத்தில் கொசு மொய்த்த மாதிரி வட்டம். வக்கீல்கள் இரண்டு பேர் சாட்சி சொன்னதைப் பற்றி அடித்துக்கொண்டபோதெல்லாம் நீதிபதி, "அந்தம்மா நோட்டுல என்ன இருக்கோ அதுதான் சாட்சி சொன்னது" என்பார். அந்த அம்மா நோட்டுதான் இது. மூன்றாவதையே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அவர் டிக்கெட்டை மடித்துக்கொண்டே, "ரெண்டு வருஷமா" என்றார். எப்படி என்றேன். "முன்னாடி நீ என்ன சொன்னான் என்ன சொன்னான்னு கேப்ப. அப்புறம் கேக்குறத நிறுத்திட்ட. சிரிப்பு வர்ற இடத்துல என் மூஞ்சியப் பாத்துட்டு, நான் சிரிச்சதும் நீ சிரிப்ப. அதுக்கப்புறம்தான் நான் சத்தத்தைக் கூட்ட ஆரம்பிச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா, உங்கள் பெண் உங்களை அந்தக் கிழி கிழித்தபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா, என்னைக் கண்ணாடிப் பொம்மையாக்கி அலமாரியில் வைத்துவிட்டீர்களே என்றேன். நான் மெதுவாகப் பேசியதாக நினைத்தேன், முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இருபத்தொம்பது வருஷம் அத்தனை பேரு உன் காதை நம்புனாங்க. என் காதைப் பத்தி எவன் என்ன சொன்னா எனக்கென்ன, அது பஞ்சு அடைச்ச காதுதானே" என்றார். அவர் செய்தது தப்புதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தத் தப்பை அவரைத் தவிர வேறு யாரும் எனக்காகச் செய்திருக்க மாட்டார்கள். மூன்றாவது நிறுத்தத்தில், நாளை மறுநாள் திங்கட்கிழமை, காது டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டேன். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார், பத்து மணிக்காம், எப்போதோ விசாரித்து வைத்திருக்கிறார்.

டாக்டரிடம் போன சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னப் பெட்டி போன்ற அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கீச்சென்று சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார் பரிசோதனை செய்கிறவர். ஒன்றும் கேட்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மெஷின் ஓடவில்லை என்று கதவைத் தட்டிச் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். இரண்டு காதிலும் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் கேட்பது குறைந்துவிட்டது, "உங்களுக்குச் சத்தம் கேக்கும், சொல்லுதான் கேக்காது" என்றார் டாக்டர். வயதானால் பலருக்கும் வருவதுதானாம், பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டு காதுக்கும் கருவி சொல்லியிருக்கிறோம், அடுத்த வாரம் வருகிறது. ஸ்பீக்கர் வாங்கியது வீண் இல்லையா என்று நான் கேட்டேன். இல்லவே இல்லை, கருவிக்கும் தெளிவான பேச்சு வேண்டும், சேற்றுத் தண்ணீரைப் பெரிய டம்ளரில் ஊற்றினால் தெளிந்துவிடுமா என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஸ்பீக்கரைப் பொருத்த வந்தவர் நடுப் பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள்ளே தள்ளி, அழகாக இருக்கிறது என்றார். பேசுகிறவனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் யாருக்குக் கேட்கும், வெளியே எடுங்கள் என்றேன். டிவிக்கு நேர் கீழே, பலகையின் விளிம்புக்கு ஒட்டி வைத்து, எங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் நிமிர்த்துவதற்கு அப்பா மரத்துண்டு ஒன்றைச் சீவிக் கொடுத்தார். நம் டிவி ஒல்லியாக இருக்கிறதே, அதன் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துப் பேசுகிறது, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சாட்சி மாதிரி, அதனால்தான் பேச்சு மட்டும் குழறியிருக்கிறது, அப்பா சொன்னதும் பாதி உண்மைதான். பொருத்தியவர் போன பிறகு போட்டுப் பார்த்தால் இரண்டு ஓரமும் பேசுகிறது, நடுப் பெட்டி வாயே திறக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன், டிவியின் அமைப்பில் சத்தத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும்படி இருந்தது, அதை மாற்றினேன், நடுப் பெட்டி வாயைத் திறந்தது. பேஸ் பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினோம், வெறும் தரையில் கம்பளம் விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம். முன்பு சத்தத்தை நாற்பத்திரண்டில் வைப்போம், இப்போது பதினெட்டு போதும். மாடி வீட்டுத் தையல்காரர் இறங்கி வந்து, "டிவி ரிப்பேரா, நாலு நாளா சத்தமே காணோம்" என்று விசாரித்தார், பாவம், இரண்டு வருஷம் எங்களோடு சேர்ந்து அவரும் எல்லாத் தொடரையும் கேட்டிருக்கிறார். இன்னும் சில சொல் எனக்கு நழுவத்தான் செய்கிறது. இப்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, என்ன சொன்னான் என்று வாய்விட்டுக் கேட்கிறேன், அவர் நிறுத்திவிட்டுச் சொல்கிறார். ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், எனக்குக் காது மந்தம், கத்தாதீர்கள், முகத்தைப் பார்த்துத் தெளிவாகப் பேசுங்கள் என்று. சொன்ன கையோடு மூன்று பேர் டாக்டர் விலாசம் வாங்கிக்கொண்டு போனார்கள், அதில் ஒருவர் ஓய்வு பெற்ற நீதிபதி.

நீ அப்பாவிடம் பேசிவிடு. மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும், அச்சு இயந்திரத்தைப் பற்றி ஏதாவது கேள், ஒரு மணி நேரம் பேசுவார், உனக்கும் பாவம் கழிந்துவிடும். நீயும் காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாயே, சத்தத்தைக் குறை, என் காதை வைத்துச் சொல்கிறேன்.

இனி எழுதப் போவதற்குத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன். சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் நீ போன் செய்தாய். கொஞ்ச நேரம் வேலையைப் பற்றிச் சொன்னாய், பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாய். நீளமாகச் சொன்னாய். நான், "சரிம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றேன். பிறகு வைத்துவிடுகிறேன் என்றாய். அன்று நீ சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை கண்ணே. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அது நல்ல செய்தியா, அழுதுகொண்டு சொன்னதா, என்னிடம் ஏதாவது கேட்டாயா, எதுவும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ வாரம் தவறாமல் பேசுகிறாய், ஆனால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்வதில்லை. அம்மா கேட்டுவிட்டு இவ்வளவுதான் சொன்னாள் என்று நீ நினைத்திருந்தால், அப்படி இல்லை. அது எதுவாக இருந்தாலும் சரி, நான் உன் பக்கம்தான்.

எப்போதும் நல்ல உடம்பும் நிம்மதியான மனசும் உனக்கு வாய்க்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும், அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். போனில் வேண்டாம், எழுத்தில் எழுது, எழுத்தில் எனக்கு ஒரு சொல்லும் தவறாது. அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா