ஊசியை நிறுத்தச் சொன்னது யார்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று மகளிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சம். ஆய்வகத்தில் நாள் முழுக்க அதே கட்டியின் செல்களோடுதான் நான் மல்லுக்கட்டுகிறேன். ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் அளவு இறங்கிவிட்டதாம், ஊசியை நீங்களே நிறுத்திவிட்டீர்களாம். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

போன மாதம் இங்கே ஒரு வேடிக்கை. மருந்து ஊற்றிய தட்டில் செல்கள் அநேகமாக எல்லாம் செத்துக் கிடந்தன. "முடிஞ்சுதும்மா, தூக்கிப் போட்டுடு" என்றார் சீனியர். நான் போடவில்லை. ஓரத்தில் நாலைந்து செல்கள் மருந்துக்கு அசராமல் சும்மா கிடந்தன. புற்றுநோயின் ஸ்டெம் செல் என்போம். கட்டியை மறுபடி பெற்றுப்போடுவது இவைதான் என்று நினைக்கிறோம். நேற்று பார்த்தால் தட்டு நிறைந்திருக்கிறது. சீனியரே குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். ஜெயித்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாளைக்கே தம்பியோடு டாக்டரிடம் போங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றையும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

அவசரமாகக் கூப்பிடுகிறார்கள். போனில் "எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தட்டும் போன மாதம் பார்க்க அப்படித்தான் இருந்தது.

கோபம் தீராத
உங்கள் மூத்தவள்