மீன் பக்கங்களில் கறை இல்லை

1992 ஜனவரி 9, வியாழன்

நபி தானியல் தெருவில் மழை. பய்யூமி தன் பழைய புத்தகக் கடைமேல் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிவிட்டு, எனக்கென்று எடுத்து வைத்திருந்ததை நீட்டினார். அட்டை போன சமையல் புத்தகம், மன்னர் காலத்து அச்சு. வெண்டைக்காய்ப் பக்கத்தில் நெய்க் கறை.

கறை இருந்தால் நான் பேரம் பேசுவதில்லை. கறை பட்ட பக்கம்தான் சமைத்த பக்கம். அலெக்சாந்திரியா வீடுகள் எந்தெந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துச் சமைத்தன என்று நூல் எழுதுகிறவனுக்கு வேறு என்ன சான்று கிடைக்கும்?

வழக்கம்போல் செய்தித்தாள் விரித்து ரொட்டியும் மொச்சையும் சாப்பிட்டோம்.

ஜனவரி 11

ஒரு சங்கடம். புதிதாக வாங்கியதை, பய்யூமியிடமே முன்பு வாங்கியவற்றோடு ஒப்பிட்டேன். இடது கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் தடம், குறுக்கே சிறு தழும்பு. சென்ற ஆண்டு வாங்கியதிலும் அதே தழும்பு. அதற்கு முந்தையதிலும். ஒன்று மன்னர் காலம், ஒன்று எண்பதுகளில் அச்சானது.

வேறு வேறு வீடுகள், ஒரே கட்டைவிரலா?

முகர்ந்து பார்த்தேன். நெய் காறவே இல்லை. வேதியியல் கற்பித்தவனுக்கு இது இவ்வளவு நாள் தோன்றாமல் போனதே.

பய்யூமியே கறை போட்டு விற்கிறாரா? அப்படியானால் என் நூல்? அச்சகத்தார் பிப்ரவரி முடிவுக்குள் கேட்கிறார்கள். நான்காம் அத்தியாயம் முழுவதும் பொய்யாகிவிடும். எந்தப் புத்தகத்திலும் மீன் பக்கங்களில் கறை இல்லை, ஆகவே கடலோரப் பெண்களுக்கு மீன் சமைக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. நான் பெருமைப்படும் ஒரே முடிவு அது.

ஜனவரி 16, வியாழன்

சாப்பிடவில்லை. ஒருவருடைய ரொட்டியும் உப்பும் உள்ளே போனபின் அவரைச் சந்தேகிப்பது இந்த ஊரில் மனிதர் செய்யும் காரியமல்ல. அதனால் சந்தேகம் தீரும்வரை அவர் ரொட்டியைத் தொடுவதில்லை என்று முடிவு. (இத்தனை வருடம் தின்றது? அதை எப்படிக் கழிப்பது, தெரியவில்லை.)

"மொச்சை மேல என்ன கோவம் வாத்தியாரய்யா?"

"வயிறு சரியில்லை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். திருடன் அப்படிப் பார்ப்பானா? தேர்ந்த திருடன் பார்ப்பான்.

ஜனவரி 19

என் தங்கை இனாயத் தாந்தாவிலிருந்து என்னோடு வந்து தங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பய்யூமி அவளைப் பார்த்ததில்லை. கறையே இல்லாத புதுச் சமையல் புத்தகம் ஒன்று வாங்கி, முதுகுத் தையலுக்குள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அவள் யாரோபோலக் கொண்டுபோய் விற்க வேண்டும். கறையோடு என்னிடம் திரும்பி வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"என்னை வேவு பார்க்க அனுப்புறியா? நேராப் போய்க் கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

தேயாதுதான். ஆனால் கேட்டு, நான் நினைத்தது தவறு என்றால்?

ஜனவரி 23

போய்விட்டு வந்தாள்.

"தங்கமான மனுஷன். மழையில நிக்காதம்மான்னு தன் நாற்காலியைக் குடுத்தாரு. உன் சிநேகிதனா இருக்கறதுக்கு அந்த ஆளுக்குப் பொறுமை ஜாஸ்திதான்."

ஜனவரி 30

பய்யூமி எதையும் எடுத்துக் காட்டவில்லை. நான் சாப்பிடவும் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காட்டினார். "இதுல நல்லாவே சமைச்சிருக்காங்க" என்றார். பருப்புச் சூப் பக்கத்தில் எண்ணெய், மூலையில் தழும்பு விரல். டிராமில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன் — புள்ளி இருக்கிறது.

ஜெயித்தவனுக்கு ஏன் வாயெல்லாம் கசக்கிறது?

பிப்ரவரி 14

ஒன்றும் கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். கோழை.

பிப்ரவரி 15

இன்று கேட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "இந்தக் கறை யாருடையது?" என்பது மட்டும் வந்தது.

"எம் பொஞ்சாதி சனிய்யாவோடது" என்றார். "சமைக்காத சமையல் புத்தகம் செத்த புத்தகம்னு நீங்கதானே சொன்னீங்க? அதுலேருந்து கடைக்கு வர்ற ஒவ்வொண்ணையும் வீட்டுக்குக் கொண்டுபோறேன். ஏதாவது ஒண்ணு சமைச்சுட்டுக் குடுப்பா. அப்புறம்தான் உங்களுக்கு."

"சொல்லவே இல்லையே?"

"எந்த வீட்டுதுன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையே."

"மீன்...?"

"மீன் தின்னா எனக்கு உதடு வீங்கிடும். எங்க வீட்டுல மீன் வாசலோட சரி."

பிறகு குரல் தாழ்ந்தது. "அந்தப் புதுப் புத்தகத்தை வித்தது உங்க தங்கச்சிதானே? உங்க மூக்குதான் அவங்களுக்கும். சரி, வாத்தியாருக்கு நம்ம மேல ஏதோ சந்தேகம், அவராக் கேக்கட்டும்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

டிராமைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

என் அலெக்சாந்திரியா முழுவதும் ஒரே அடுப்படி.

அதுவும் அவர் சொல்லித்தான். அந்த சனிய்யாவை நான் பார்த்ததுண்டா? கடைக்குப் பின்னால் நெய்க் கிண்ணம் வைத்துக்கொண்டு அவரே தொட்டுத் தொட்டு... அவர் கட்டைவிரலில் தழும்பு உண்டா என்று ஏன் அன்றே கவனிக்கவில்லை? போனால் பார்க்கலாம். ஆனால் போனால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் சந்தேகிக்க முடியாது.

"அப்ப சந்தேகத்தை வீட்டுலயே விட்டுட்டு வா" என்கிறாள் இனாயத். தன் கறுப்பு உடையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20

அச்சகத்துக்குத் தொலைபேசினேன். நூல் இல்லை என்றேன். "தாமதமாகுமா?" என்றார்கள். இல்லை, நூலே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

போனோம். சனிய்யா இருக்கிறார் — பருத்த, சிரிக்கும் பெண்மணி. அடுப்படிக் கதவு திறந்திருந்தது, அவர் கைகளும் என் கண்ணெதிரே. விரலைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. முதலில் ரொட்டியைப் பிட்டு உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டேன். பய்யூமி அதைக் கவனித்தார். தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு தட்டுகள் வந்தன. எல்லாமே கூழ். கடைந்த வெண்டைக்காய், மசித்த மொச்சை, கோழியைக்கூட நாராக்கிக் கஞ்சியில் கரைத்திருந்தார்கள். இனாயத் வியப்போடு என்னைப் பார்த்தாள்.

"கூச்சப்படாம சாப்பிடுங்கய்யா" என்றார் சனிய்யா. "கடையில நீங்க ஒண்ணுமே தொடறதில்லையேன்னு எனக்கு வருத்தம். பாவம் வாத்தியாருக்குப் பல்லெல்லாம் போச்சு, வெளிய சொல்ல வெட்கப்படறாருன்னு இவர்தான் சொன்னாரு. எதுவும் கடிக்க வேண்டாம்."

பய்யூமி தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

என் பற்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. பல் இல்லாதவன்போல மெதுவாகக் குதப்பிக் குதப்பி, மூன்று தட்டு சாப்பிட்டேன்.