மூடிய கிணறு

அன்புள்ள உம்மாவுக்கு,

ஸலாம். முட்டுவலி குறைந்ததா? மாஹிமில் நான் சுகம்.

ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு மரபணு வகுப்பு நடக்கிறது. பழகுவதற்காக அவரவர் குடும்ப வம்சாவளியையே வரையச் சொன்னார்கள். நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மௌத்தான உங்கள் தம்பிகள் இருவரையும் குறித்தேன். சிரித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா சட்டென்று, "சாயிமா, உன் தம்பி நீச்சலடிப்பானா?" என்று கேட்டார். நீந்தும்போது இதயம் நின்றுவிடும் நோய் சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். அன்றே எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். மாத்திரை தந்திருக்கிறார்கள், பயப்படாதீர்கள்.

குளத்துக்குப் போகாதே என்று போனில் சொன்னால் இஜாஸ் சிரிக்கிறான். அவன் பைக் சாவியை ஒளித்து வையுங்கள். நீங்களும் அவனும் ஈசிஜி எடுங்கள். நீங்கள் இடித்த மல்லிப்பொடி அனுப்புங்கள், இங்கே சோறு இறங்கவில்லை.

டியூட்டிக்கு நேரமாகிறது. வாப்பா கிணற்றை மூடியதும் தீர்ந்தது என்றிருந்தோமே உம்மா, அது கிணற்றில் இல்லை.

உங்கள் மகள்,
சாயிமா