சோதனைக்கு ஒரு வீடியோ கால்

ஆனி 22, வியாழன். இலஞ்சி. சாரல் விடவில்லை.

லேப்டாப் விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறது. லினக்ஸுக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. என் வேலை முழுக்க லினக்ஸில்தான். சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல டிரைவர், கெர்னல் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று.

இன்று சாயங்காலம், "லினக்ஸ்லயே வீடியோ கால் போடு, எப்ப நிக்குதுன்னு பாப்போம்" என்றார். போட்டேன். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அவர் என்னை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நாலு மாதமாக அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இங்கன தனியா என்னால முடியல. இந்த லீவுக்கு வந்தா திரும்பிப் போவாதீங்க."

குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

அப்போது மேசையில் இருந்த போன் அடித்தது. அவர்தான்.

"ஏட்டி, நின்னுட்டுல்லா? மணி எத்தன காட்டுது?"

திரையில் அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் மணி ஏழு நாற்பத்திரண்டிலேயே நின்றிருந்தது. சொன்னேன்.

"அதுக்கப்புறம் எதுவும் செஞ்சியா?"

"ஒண்ணும் செய்யல."

குறித்துக்கொண்டார். நாளைக்கும் இதே மாதிரி கால் போட வேண்டுமாம்.