நீ அனுப்பிய இன்ஜின் சூடு தணிந்த கதை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் வலியும் பாதி குறைந்துவிட்டது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தாலே எங்களுக்குப் போதும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று பார்க்கிறாயா, என் பிறந்தநாளுக்கு, நான் பறக்கவிடும் ரிமோட் விமானத்துக்கென்று நீ அனுப்பிய குட்டி இன்ஜினைப் பற்றிப் போன மாதம் போனில் நான் சொன்னதில் முக்கால்வாசி பொய். அப்புறம், எட்டு மாதமாக அப்பா குரல் கேட்டதும் அம்மாகிட்ட குடுங்க என்கிறாயே, அதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

இன்ஜினைப் பழக்கியதாகச் சொன்னது மட்டும் உண்மை. கூட வந்த தாளில் போட்டிருந்தபடியே பெட்ரோலில் எண்ணெய் கலந்து, பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகப் போகும்படி திருகாணியை வைத்து, கொல்லையில் பலகையில் இறுக்கி எட்டு டேங்க் ஓட்டினேன். ஒரேயடியாக முழு வேகம் வைக்காமல் ஏற்றி இறக்கி, நடுநடுவே ஆறவிட்டுத்தான் ஓட்டினேன், முப்பது வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவளுக்குப் புது இரும்பு உரசிப் பழகும்வரை பொறுக்கத் தெரியாதா. பக்கத்து வீட்டு வாத்தியார்தான் மதில் மேல் தலையை நீட்டி, இன்னும் எத்தனை நாளைக்கும்மா இந்தக் கச்சேரின்னு கேட்டார்.

விமானத்தில் மாட்டி, இன்ஜின் மேல் விமானத்தின் மூக்குக் கூட்டைப் போட்டு மூடியதும்தான் வினை. நாலாவது நிமிஷம் வானத்திலேயே இன்ஜின் நின்றுவிட்டது, எப்படியோ புல்லில் இறக்கினேன், கூட்டைக் கழற்றினால் கை வைக்க முடியாத கொதிப்பு. காற்று போதவில்லை என்று கூட்டின் முன்வாயை இன்னும் அகலமாக வெட்டினேன், அடுத்த முறை மூன்றே நிமிஷம். மறுநாள் நீ போன் செய்தபோது சூப்பராகப் பறக்கிறதடா என்று வாய் கூசாமல் சொன்னேன். ஆசையாக அனுப்பினாயே, கெடுத்துவிட்டேனோ என்று உன்னிடம் எப்படிச் சொல்வது.

உன் அப்பாவை நான் என் மேஜைப் பக்கமே விடமாட்டேன், உனக்குத் தெரியும். பேக்கரியிலிருந்து வந்தவர் மாவுக் கையோடு கூட்டைத் தூக்கிப் புரட்டிப் பார்த்து, காத்து உள்ள வர இவ்ளோ பெரிய வாய் வெச்சிருக்கியே, வெளிய போக எங்க வழின்னு கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ரொட்டி அடுப்போடு மல்லுக்கட்டுகிறவருக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் திருட்டுத்தனமாக முன்வாயைத் தகடு வைத்துச் சுருக்கி, கூட்டின் பின்னடியில் காற்று வெளியே போக அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய வழி வெட்டினேன். காற்று ஓரமாக நழுவாமல் சிலிண்டரை உரசிக்கொண்டே போகும்படி இடைவெளிகளையும் அடைத்தேன்.

நேற்று டேங்க் காலியாகும்வரை பதினோரு நிமிஷம் ஒரு இருமல் இல்லாமல் பறந்தது. இறங்கியதும் கூட்டின் மேல் கை வைத்தேன், கதகதப்புத்தான். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மைதானத்தில் எல்லாரும் கேட்டார்கள், நானே கண்டுபிடித்தேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூட வந்திருந்த அப்பா பெட்ரோல் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன், எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை தம்பி. அவர் அந்தக் கேனை வீடு வரும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

அந்தக் கூட்டாளியை நம்பிக் கடை போடாதே என்று அப்பா உன்னிடம் சொன்னார், நீ போட்டாய், அவன் கைவிட்டுவிட்டான். அப்பா சொன்னது பலித்ததுதான் உனக்குக் கஷ்டம், எனக்குத் தெரியாதா, நீ என் பிள்ளை. ஆனால் நான் சொன்னேனே என்று அவர் இதுவரை ஒரு தடவை சொல்லவில்லை. மற்ற பேச்சுக்கு நடுவே அவன் சாப்பிடறானாமா என்றுதான் கேட்கிறார்.

எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். நான் அந்த நேரம் கொல்லையில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பேன், கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. அவரிடமே பேசு.

உன் அம்மா