மணிக்கூண்டுச் சுவரில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன், இங்கே நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியோடு மட்டும்தான் சண்டை. சின்னவனுக்கு முன்பல் விழுந்த படத்தை ஒரு வாரமாக அக்கம்பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன ஞாயிறு எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தில் பழைய நகரத்தை நடந்தே சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். கட்டடக்கலை படித்த ஒரு பெண் கூட்டிப்போனாள். முப்பது வருடம் நகராட்சியில் இருந்து அந்தத் தெருக்களில் வரி நோட்டீஸ் கொடுத்தே செருப்பைத் தேய்த்தவன் நான், ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய நீதிமன்றத்தில் ஒவ்வொரு செங்கல் வளைவின் உச்சியிலும் ஆப்பு மாதிரி ஒரு கல் இருக்கிறது, அதை உருவினால் வளைவே நிற்காதாம். நூலகத்து ஜன்னலில் பழைய காலத்துக் கண்ணாடி, உள்ளேயிருந்து பார்த்தால் தெருவே தண்ணீருக்குள் நெளிகிறது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நடந்தேன், மணிக்கூண்டு வரும்வரை.

முதல் தளம்வரை ஏறினோம், அம்மாவும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சுவர் முழுக்கக் கீறியிருந்த பெயர்களைக் காட்டி அந்தப் பெண் வருத்தப்பட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒன்று, சிட்டு என்று. சங்கச் செயலாளர், “ஏதோ வாலுப் பிள்ளை கிறுக்கியிருக்கு” என்றார். அந்தப் பெண் கையை உயர்த்திக் காட்டி, “எனக்கே எட்டல சார், இது பெரியவங்க பார்த்த வேலை” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

உன்னை முதல் தடவை அங்கே கூட்டிப்போனபோது உனக்கு ஏழு வயது. எல்லார் பேரும் இருக்கு, என் பேரு மட்டும் இல்லையேப்பா என்று நீ முகம் வாடியதும் வீட்டுச் சாவியை எடுத்து உன் செல்லப் பெயரை எட்டிக் கீறினேன். காவலாளி படியேறி வரும் சத்தம் கேட்டது. எனக்கு வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, நகராட்சிக் கட்டடத்தை நகராட்சிக்காரனே கெடுத்தான் என்று புகார் போனால் என்ன ஆகும் என்று பயந்துவிட்டேன். சாவியை உன் கையில் திணித்தேன். அதோடு விட்டேனா, அவர் எதிரிலேயே உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாய், பிறகு அவரிடம், “இனிமே பண்ணமாட்டேன் மாமா” என்றாய். அவர் சுவரைப் பார்த்தார், உன் உயரத்தைப் பார்த்தார், “சரி சார், கூட்டிட்டுப் போங்க” என்றார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வீட்டில் அம்மாவிடமும் அதே பொய்யைச் சொன்னேன், அவள் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை, நீ அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நீ அம்மா கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாய், பெண்பிள்ளை வளர்கிறது, அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே எல்லோரும் டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம், அது நான் செய்த வேலையம்மா என்று சொல்லிவிட்டேன், ஆள் வைத்து அழித்துவிடலாமா என்றும் கேட்டேன். “தேய்ச்சா கல்லு இன்னும் போயிடும் சார், அப்படியே விட்டுடுங்க” என்றாள். பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், “அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வந்த வாய் நம்ம பொண்ணுகிட்ட சொல்ல வரலையா?”

அதனால் சொல்கிறேன். அடித்ததைவிட, எனக்காக உன்னைப் பொய் சொல்ல வைத்ததுதான் பெரிய தப்பு. மன்னித்துவிடு என்று கேட்க நாக்கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். உடனே பதில் போட வேண்டாம், கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, அப்பா மனசு கஷ்டப்படும் என்று பூசி மெழுகாதே. அங்கே குளிர் அதிகம் என்கிறாய், சின்னவனைக் காதை மூடி வெளியே அனுப்பு. மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அவன் ஏதாவது தப்பை ஒத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றால், நிஜமாகவே அவன்தான் செய்தானா என்று ஒரு தடவை கேட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்க வெட்கப்படும்
அப்பா